நிலாவெளி சுழியோடல் போட் காற்றால் ரத்து: கட்டிய காசைத் திருப்பிக் கேட்கலாமா? மார்கழிக்கு எங்கே பதிவு செய்வது?

நல்லூர்_வடக்குவீதி

வணக்கம் எல்லோருக்கும். நல்லூர்த் திருவிழாவுக்காகக் கனடா, நோர்வே, சென்னை என்று பல பக்கமிருந்தும் சொந்தக்காரப் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். கொடியேற்றம் முடிந்த கையோடு திருகோணமலைப் பக்கத்து நிலாவெளிக்குப் போய் ஒரு நாள் சிலிண்டருடன் கடலடியில் சுழியோடுவது என்று முடிவெடுத்து, அங்குள்ள ஒரு நிலையத்தில் போட் முழுவதையும் எங்களுக்கே பதிவு செய்தோம். இரண்டு பேரிடம் சுழியோடல் சான்றிதழ் இருக்கிறது. மற்றவர்கள் முதல் தடவை இறங்குகிறவர்கள். முழுக் காசையும் முன்கூட்டியே வங்கிக்கணக்குக்கு அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினோம். யாழ்ப்பாணத்திலிருந்து ஹயஸ் வான் பிடித்துப் போய், அறை எடுத்துத் தங்கிய பிறகு, இரவு வட்சப்பில் செய்தி வருகிறது: "காற்று கூட. நாளைக்குப் போட் போகாது."

போட் போகாததில் எனக்குக் கோபம் இல்லை. காசுதான் பிரச்சினை. திருப்பித் தரும் வழக்கம் இல்லையாம், ஒரு வருடத்துக்குள் வேறு திகதி எடுக்கலாமாம். அடுத்த வாரம் ரொறன்ரோவுக்குத் திரும்புகிற பிள்ளைக்கு அந்த ஒரு வருடத்தால் என்ன பயன்? எதைக் கேட்பது நியாயம், எதைக் கேட்கக் கூடாது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். மார்கழியில் இன்னொரு கூட்டம் வருகிறது. அவர்களுக்கும் கடலுக்குப் போகத்தான் ஆசை.

பாசையூர்க்_கடல்

தம்பி, காசுக் கதையை மற்றவர்கள் சொல்வார்கள். நான் கடலைப் பற்றிச் சொல்கிறேன், எங்கள் வீட்டில் தலைமுறையாக அதுதான் தொழில்.

இரவே செய்தி போட்ட மனிசன் நல்ல காரியம் செய்திருக்கிறார். காசு வாங்கியாகிவிட்டது, ஆட்களும் வந்துவிட்டார்கள் என்பதற்காக ஏற்றிக்கொண்டு போகிற போட்டில்தான் பிள்ளைகளை விடக் கூடாது. கடல் சரியில்லை என்று ஒருவர் சொன்னால் அதற்கு மேல் அவரை நெருக்காதீர்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், ஒரு சுற்றாவது போய் வருவோம்" என்று கெஞ்சுகிற ஆட்களை, நெடுந்தீவுப் படகுகள் புறப்படும் குறிகட்டுவானிலும் பார்க்கிறேன். அந்தக் கெஞ்சலுக்கு இரங்கிப் போட்டை எடுத்த ஓட்டிகளையும் எனக்குத் தெரியும்.

இனிக் காற்று. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை எங்களுக்குச் சோளகமும் (தென்மேற்குக் காற்று) கச்சானும் (மேற்குக் காற்று). தீவுப் பக்கமும் மன்னார்ப் பக்கமும் அப்போது கொந்தளிக்கும். அதே காற்று திருகோணமலைக்குத் தரையைத் தாண்டி வருவதால் கரையோரத்தில் அலை எழும்பாது. அதனால்தான் நல்லூர்த் திருவிழாக் காலம் நிலாவெளிக்கு நல்ல காலம். ஆனால் கச்சான் வலுத்தால் அது போட்டைக் கரையிலிருந்து வெளியே தள்ளும். கரையில் நின்று பார்க்கிறவனுக்குக் கடல் தகடு மாதிரித் தெரியும், வெளியே போனவன் திரும்ப முடியாமல் நிற்பான். "கடல் அமைதியாகத்தானே இருந்தது, ஏன் ரத்துச் செய்தார்கள்" என்று உங்கள் பிள்ளைகள் கேட்டிருந்தால் பதில் இதுதான்.

மார்கழியில் வாடை, அதாவது வடக்கு, வடகிழக்குக் காற்று. அப்போது கிழக்குக் கரை முழுவதும் கரடு. 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியதை மறக்க வேண்டாம். மார்கழிக் கூட்டத்துக்குத் திருகோணமலையில் பதிவு செய்தால், ரத்தாவதற்கென்றே பதிவு செய்ததாகிவிடும்.

ஸ்காபரோ_பனை

அண்ணை சொல்வது சரி, போட் போகாதது நல்லது. அதற்காக முழுக் காசையும் வைத்துக்கொள்வது எந்த நியாயம்? சேவை கொடுக்கவில்லை, காசு மட்டும் அவர்களிடம். இங்கே கனடாவில் நாங்கள் கடனட்டையில் கட்டினால் வங்கிக்கு முறைப்பாடு செய்து காசை மீட்க வழி இருக்கிறது. நேரடியாக வங்கிக்கணக்குக்குப் போட்டால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஒரு சின்ன மேலதிகக் கட்டணம் போனாலும் பரவாயில்லை என்று அட்டையிலேயே கட்டுங்கள்.

பயணக் காப்புறுதி பார்த்துக்கொள்ளும் என்று நம்பி வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விமானம் ரத்தானால் அது கைகொடுக்கும். காற்றடித்து ஒரு நாள் போட் போகவில்லை என்றால் பல காப்புறுதிகள் திரும்பியும் பார்க்காது. சுழியோடலையே விலக்கி வைத்த காப்புறுதிகளும் இருக்கின்றன, குறிப்பிட்ட ஆழம் வரைக்கும் மட்டும் ஏற்பவையும் இருக்கின்றன. புறப்படும் முன் அந்தப் பக்கத்தை எடுத்து வாசியுங்கள்.

நிலாவெளி_நீரடி

நான் சீசனுக்கு இங்கே ஒரு நிலையத்தில் வேலை செய்கிறேன். உங்கள் போட் எங்களுடையது அல்ல. இரண்டு பக்கமும் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன், ஸ்காபரோ அண்ணை கோபிக்க வேண்டாம்.

முதல்நாள் மாலையே நாங்கள் சிலிண்டர் நிரப்பிவிடுவோம், எரிபொருள் வாங்கிவிடுவோம். உங்களுக்கென்று போட்டை ஒதுக்கியதால் வேறு ஆட்களைத் திருப்பி அனுப்பியிருப்போம். ரத்தானாலும் நிரப்பிய சிலிண்டர் அடுத்த நாளைக்கு உதவும், எரிபொருளும் தாங்கியில் கிடக்கும். உண்மையான இழப்பு அந்த நாளின் வருமானமும் ஆட்களின் கூலியும்தான். சீசன் மே தொடக்கம் செப்டம்பர் வரை என்றால், ஒரு நாள் போவது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்த இழப்பை வாடிக்கையாளர் தலையில் முழுவதுமாகக் கட்டுவது சரியில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். காற்று யாருக்கும் சொந்தமில்லை. காற்றால் நாங்களே நிறுத்தினால், வேறு திகதியா காசா என்று தெரிவு செய்யும் உரிமை உங்களிடம் இருக்க வேண்டும். வேறு திகதியை மட்டும் நீட்டுவது, ஊரில் இருக்கிறவருக்குச் சரி, விமானம் ஏறுகிறவருக்குச் சரியில்லை.

எஞ்சின் பழுது, பயிற்றுநர் வரவில்லை, போட்டுக்கு ஆட்கள் போதவில்லை என்று எங்கள் பக்கக் காரணத்தால் நின்றால் பேச்சுக்கே இடமில்லை, காசு முழுதாகத் திரும்ப வேண்டும். சிலர் ஆட்கள் போதாததைக் காற்று என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: அன்றைய நாளின் வளிமண்டலவியல் திணைக்களக் கடல் அறிக்கையைப் பாருங்கள். "காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரையான கடற்பரப்பு" என்று தனியாகப் போடுவார்கள், காற்று மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்றும் இருக்கும். தொலைபேசிச் செயலிகள் நொட் கணக்கில் காட்டும், ஒரு நொட் என்றால் மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீற்றர். அறிக்கையில் 50, 60 என்று இருந்தால் யாரும் போகக் கூடாது. அறிக்கை அமைதியாக இருந்து, பக்கத்து நிலையங்கள் எல்லாம் போய் வந்திருந்தால், உங்களுக்கு மட்டும் ஏன் காற்று அடித்தது என்று மரியாதையாகக் கேளுங்கள்.

பதிவு செய்யும்போதே வட்சப்பில் எழுத்தாக வாங்க வேண்டியது ஒன்று: போட் போகுமா போகாதா என்று யார், எத்தனை மணிக்கு முடிவு சொல்வார்? எங்கள் நிலையத்தில் முதல்நாள் பின்னேரம் ஒரு தடவை சொல்வோம், விடிய ஆறு மணிக்குக் கரையில் நின்று கடைசியாகச் சொல்வோம். அப்புறம், முதல் முக்குளிப்பு முடிந்து கடல் மாறினால் இரண்டாவதுக்கான காசு என்னாகும் என்றும் கேளுங்கள். அதை யாரும் கேட்பதில்லை, கூடுதலாகச் சண்டை வருவதும் அதில்தான்.

நல்லூர்_வடக்குவீதி

நன்றி தம்பி. எங்களுக்கு அனுப்பிய செய்தியில் "முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்று ஒரு வரி மட்டும்தான் இருக்கிறது. நாங்கள் கட்டியது முற்பணம் அல்ல, முழுக் காசு. வானிலை பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கச்சேரியடி_மரநிழல்

அந்த ஒரு வரியே உங்களுக்குச் சாதகம். முற்பணம் என்று எழுதிவிட்டு முழுத் தொகையையும் பிடித்து வைப்பது நியாயமில்லை என்று வாதாடலாம். கோபமாகக் கதைப்பதை விட்டுவிட்டு, பதிவு செய்த திகதி, அனுப்பிய தொகை, அவர்களே ரத்துச் செய்த செய்தி, நீங்கள் கேட்கும் தீர்வு, பதிலுக்கு ஒரு கெடு என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். வங்கிப் பற்றுச்சீட்டையும் செய்தியின் படத்தையும் சேர்த்து விடுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் பொருந்தும். 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம். முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுங்கள். பிள்ளைகள் கனடா திரும்பிய பிறகு பார்ப்போம் என்று விட்டால் அந்தக் காலம் ஓடிவிடும். முறைப்பாடு காசு அனுப்பியவரின் பெயரிலேயே போகட்டும்.

முற்றத்து_மல்லிகை

நானும் ஒன்று கேட்கலாமா? எங்கள் வீட்டில் பத்து வயதுக்குக் குறைந்த இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவுக்குப் போக ஆசை. அதற்கும் இப்படி முன்கூட்டிக் காசு கட்ட வேண்டுமா?

நிலாவெளி_நீரடி

அக்கா, வேண்டாம். புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். அனுமதிச்சீட்டு வனசீவராசிகள் திணைக்களத்தின் கருமபீடத்தில் எடுக்க வேண்டும். போட் வாடகை ஆளுக்கு அல்ல, போட்டுக்கு. கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான் தூரம். காலையில் வந்து கடலைப் பார்த்துவிட்டே காசு கொடுக்கலாம், அதனால் ரத்து என்ற தலையிடியே இல்லை. விடியவே வந்துவிடுங்கள், மதியத்துக்குப் பிறகு காற்றும் கூடும், கூட்டமும் கூடும்.

சிலிண்டருடன் இறங்கப் பத்து வயதாவது வேண்டும், முதல் தடவை இறங்குகிறவர்களை 12 மீற்றருக்குக் கீழே கொண்டு போக மாட்டோம். உங்கள் பிள்ளைகளுக்கு முகமூடியும் மூச்சுக்குழாயும் உயிர்காப்பு அங்கியும் போதும். கருநுனிச் சுறாக் குட்டிகளை இடுப்பளவு தண்ணீரில் நின்றே காணலாம், அவை பொதுவாக ஒன்றும் செய்யாது. பவளத்தின் மேல் மட்டும் கால் வைக்க விடாதீர்கள். உடைந்தால் திரும்ப வளர எங்கள் ஆயுளே போதாது.

தீவகத்துப்_பிள்ளை

சுழியோடல் இல்லாவிட்டாலும் போட் பதிவு என்பதால் எழுதுகிறேன். நெடுந்தீவுக்குக் கூட்டமாகப் போகிறவர்கள் தனிப் போட் பிடிக்கிறார்கள். சாதாரணச் சேவைப் படகில் குறிகட்டுவானிலிருந்து ஒரு மணித்தியாலம் அளவில் போகலாம், கட்டணமும் மிகக் குறைவு. ஆனால் கூட்டத்தில் இடம் கிடைக்காது என்று பயந்து தனிப் போட்டுக்கு முழுக் காசும் கட்டிவிடுகிறார்கள். ஆனித் திருவிழாவில் நயினாதீவு அம்மன் கோயில் பக்கம் திரளும் சனத்தைப் பார்த்தால் அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது.

என்னுடைய கவலை போகும்போது வரும் ரத்து பற்றியது அல்ல. காலையில் போய்விட்டு, பின்னேரம் சோளகம் பிடித்துத் திரும்பும் போட் நின்றால் என்ன செய்வீர்கள்? நெடுந்தீவுக்குப் பாலம் கிடையாது. தனிப் போட் பேசும்போது திரும்பும் பயணமும் அந்தக் காசுக்குள் அடங்குமா, இரவு தங்க வேண்டி வந்தால் ஓட்டி அடுத்த நாள் வேறு காசு கேட்பாரா என்று பேசி முடித்துக்கொண்டு ஏறுங்கள். வயது போனவர்களை அழைத்துப் போனால் ஒரு நாளுக்கு மேலதிகமான மருந்து கையில் இருக்கட்டும். பெருக்கமரமும் குதிரைகளும் ஒல்லாந்தர் கோட்டையும் எங்கும் ஓடிவிடாது. கரையில் உயிர்காப்பு அங்கிகளை எண்ணிப் பார்த்து, ஆட்களின் தொகையை விடக் குறைவாக இருந்தால் இறங்கி வந்துவிடுங்கள், கட்டிய காசைப் பற்றி யோசிக்க வேண்டாம். கடலில் ஆட்களை இழந்த ஊர்க்காரனாகச் சொல்கிறேன்.

ஸ்காபரோ_பனை

காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பலுக்கும் இதே கதைதான். 2023 ஒக்டோபர் 14இல் தொடங்கிய சேவை பருவமழைக்காகச் சில நாட்களிலேயே நின்றது. 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கியது, மாரியில் மறுபடி நிறுத்தினார்கள். கப்பலில் வந்து அடுத்த நாளே வேறு போட் ஏறுவது என்று யாரும் திட்டம் போட வேண்டாம்.

நிலாவெளித் தம்பி சொன்ன கூலிக் கணக்கு எனக்கு விளங்குகிறது. ஒரு பகுதியை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தந்தால் பெரும்பாலான ஆட்கள் ஒத்துக்கொள்வார்கள். என் ஆத்திரம், பதிவு செய்யும்போது அதைச் சொல்லாமல் விடுவதில்தான்.

மீன்பாடும்_வாவி

மட்டக்களப்பிலிருந்து. உங்கள் கூட்டத்தில் சான்றிதழ் உள்ளவர்கள் ஹேர்மிஸ் கப்பலுக்குக் கேட்பார்கள், எல்லோரும் கேட்கிறார்கள். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த விமானந்தாங்கி அது. 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. சாதாரணச் சான்றிதழுடன் 18 மீற்றர் வரை இறங்கலாம், அடுத்த நிலைக்கு 30. ஆகவே அது ஆழ்முக்குளிப்புப் பயிற்சி எடுத்தவர்களுக்கு மட்டும். கரையிலிருந்து தூரமும் அதிகம் என்பதால் கொஞ்சம் காற்று என்றாலும் நிறுத்திவிடுவார்கள். அதைப் பதிவு செய்கிறவர்கள் கையில் மாற்று நாட்கள் வைத்துக்கொண்டே வர வேண்டும். அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் பாசிக்குடாப் பக்கம் ஆழம் குறைவான இடத்தில் இருக்கிறது. பெரியது முடியாவிட்டால் இதற்கு மாற்றித் தருவீர்களா, காசு வித்தியாசம் என்ன என்று பதிவின்போதே கேட்டால், ரத்தான நாளும் வீணாகாது.

கொக்குவில்_வைத்தியர்

ஒருவரும் தொடாத ரத்து ஒன்று இருக்கிறது: உங்கள் உடம்பால் வருவது. எல்லா நிலையத்திலும் மருத்துவ வினாப்பத்திரம் தருவார்கள். ஆஸ்துமா, இதயம், வலிப்பு, காது சத்திரசிகிச்சை என்று எதற்காவது ஓம் என்று போட்டால் வைத்தியரின் கையெழுத்து இல்லாமல் இறக்க மாட்டார்கள். இறக்கவும் கூடாது. அந்தக் காகிதத்தைக் கடற்கரையில் முதல் தடவையாகப் பார்க்கிறவர்கள் காசை இழக்கிறார்கள், ஏனென்றால் அது வாடிக்கையாளர் பக்க ரத்து என்று கணக்காகும். பதிவு செய்தவுடன் பத்திரத்தை அனுப்பச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும்போதே நிரப்பி, தேவை என்றால் வைத்தியரிடம் காட்டிவிட்டுப் போங்கள். பொய்யாக இல்லை என்று போட்டுவிட்டு இறங்குவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

தடிமன் (சளி) பிடித்திருந்தாலும் நிறுத்துங்கள். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கி, கீழே இருக்கும்போது அதன் வேலை முடிந்தால், மேலே வரும்போது காதிலும் சைனஸிலும் அடைபட்ட காற்று வெளியேற முடியாமல் கடுமையாக நோகும், காயமும் வரும். தடிமனுக்குத் திகதி மாற்றித் தருவார்களா என்பதையும் கேட்டு வையுங்கள். திருவிழாக் கூட்டத்தில் நின்று வந்த பிள்ளைகளுக்கு அது வராமல் போனால்தான் அதிசயம்.

நல்லூர்_வடக்குவீதி

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மரநிழல் அண்ணா சொன்னபடி எழுதி அனுப்பினேன், சத்தம் போடவில்லை. நிலைய உரிமையாளரே எடுத்துக் கதைத்தார். நாட்டை விட்டுப் போகிறவர்களின் காசை, ஆட்கூலிக்கு ஒரு பங்கு கழித்துக்கொண்டு, கணக்குக்குத் திருப்பிப் போட்டுவிட்டார். ஊரில் இருக்கிற எங்களுக்கு அடுத்த சீசன் முடியும் வரை திகதி வைத்திருக்கிறார். இது எங்களுக்குச் சம்மதம். வட்சப் செய்தியில் வானிலை பற்றியும் இனி எழுதுவதாகச் சொன்னார்.

ஹயஸ்காரரின் வாடகையும் அறைக் காசும் போனது போனதுதான். உண்மையில் அந்தத் தொகை சுழியோடலை விடக் கூட.

நிலாவெளி_நீரடி

சந்தோஷம் அண்ணா. அறையைப் பணம் திரும்பும் முறையில் எடுங்கள், அது கொஞ்சம் விலை கூடுதலாக இருந்தாலும். வான்காரரிடம், முதல்நாள் பின்னேரம் பயணம் ரத்தானால் எவ்வளவு, வழியில் ரத்தானால் எவ்வளவு என்று முன்பே பேசலாம், ஊர் ஆள் என்றால் ஒத்துக்கொள்வார். இரண்டு இரவு தங்குவதாக இருந்தால் சுழியோடலை முதல் நாளுக்குப் போடுங்கள், கோணேஸ்வரக் கோயிலும் கன்னியா வெந்நீரூற்றும் இரண்டாம் நாளுக்கு இருக்கட்டும். காற்று வந்தால் இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். எல்லோரும் கோயிலை முதலில் முடித்து, கடலைக் கடைசி நாளுக்கு விடுகிறார்கள்.

மார்கழிக் கூட்டத்தை மேற்கு, தெற்குக் கரைக்கு அனுப்புங்கள். கற்பிட்டி, ஹிக்கடுவை, உனவட்டுனப் பக்கம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை சீசன். மார்கழி முற்பகுதியில் அங்கும் மழையும் கலங்கலும் மிஞ்சியிருக்கும், நத்தாருக்குப் பிறகு நல்லது. யாழ்ப்பாணத்திலிருந்து போவதென்றால் கற்பிட்டிதான் கிட்ட.

நல்லூர்_வடக்குவீதி

கடைசியாக ஒன்று. சென்னைப் பிள்ளை மட்டும் இன்னும் நிற்கிறான். வியாழன் காற்று குறையும் என்று காட்டுகிறது, உரிமையாளரும் வரச் சொல்கிறார். வெள்ளி காலையில் பலாலியிலிருந்து அவனுக்கு விமானம். வியாழன் இரண்டு தடவை இறங்கிவிட்டு இரவே யாழ்ப்பாணம் வந்துவிடலாம்தானே?

கொக்குவில்_வைத்தியர்

இரண்டு தடவை வேண்டாம். ஒரே ஒரு தடவை, படிநிறுத்தம் (மேலே வரும்போது இடையிடையே நின்று வருவது) தேவைப்படாத அளவில் இறங்கினால் விமானத்துக்கு முன் குறைந்தது 12 மணித்தியாலம். பல தடவை என்றால் குறைந்தது 18. இவை ஆகக் குறைந்த அளவுகள், நான் அதைவிடக் கூடுதலாக இடைவெளி விடச் சொல்வேன். உடலில் கரைந்த நைதரசன் வெளியேற அந்த நேரம் வேண்டும். விமானத்துக்குள் அமுக்கம் குறையும்போது அது குமிழாகினால் மூட்டு நோவிலிருந்து பக்கவாதம் வரை போகலாம். சென்னை கிட்டத்தானே என்பது இங்கே கணக்கில்லை, விமானம் ஏறும் உயரம்தான் கணக்கு. நுவரெலியாவுக்கு வாகனத்தில் ஏறுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை, அது 1,800 மீற்றருக்கும் மேல்.

வியாழன் காலை ஒன்பது மணிக்குள் ஒரு தடவை இறங்கி முடித்தால் வெள்ளி காலை பறக்கலாம். ஒன்பது பத்தாகி, பத்து மதியமாகி இழுபட்டால் இறங்காமல் கரையில் நிற்கச் சொல்லுங்கள், அல்லது விமானத்தைச் சனிக்கு மாற்றுங்கள். போட்காரரிடம் விமான நேரத்தை இப்போதே சொல்லிவிடுங்கள், அவர் அதற்கேற்ப முதல் போட்டில் அவனை ஏற்றுவார்.

நிலாவெளி_நீரடி

ஓம், முதல் போட் ஏழு மணிக்குள் இறங்கும். இன்று பின்னேரமே அவருக்குச் செய்தி போடுங்கள் அண்ணா, மருத்துவப் பத்திரத்தையும் சேர்த்து.